தள்ளுபடியில் பதிவு செய்த பயணத்தைக் கம்பெனி மறுத்தால்: கோத்தகிரி சகோதரிக்கு ஒரு பதில்

கோத்தகிரியில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மாமனார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு நான்கு பேராகக் காசி, அயோத்தி போய்வர ஆன்லைன் பயண நிறுவனம் ஒன்றில் பேக்கேஜ் பதிவு செய்திருக்கிறார்கள். கோவையில் இருந்து விமானம், தங்கும் இடம், உள்ளூர் வண்டி எல்லாம் சேர்த்து ₹96,000. அதில் 35 சதவீதம் தள்ளுபடி என்று தளத்திலேயே காட்டி, ₹62,400 வாங்கிக்கொண்டது நிறுவனம். பதிவு உறுதி என்று மெயிலும் வவுச்சரும் வந்தன. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு போன். "அந்த ஆஃபர் முதல் முறை பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும்தான். உங்கள் நம்பரில் ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது. மீதி ₹33,600 கட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், 25 சதவீதம் பிடித்துக்கொண்டு பாக்கியைத் தருகிறோம்." வீட்டுக்காரர் 'வம்பு வேண்டாம், வருவதை வாங்கிக்கொள்ளலாம்' என்கிறாராம். "மலையில் உட்கார்ந்துகொண்டு குர்கான் கம்பெனியோடு நாம் எங்கே மோதுவது?" என்று சகோதரி கேட்கிறார்.

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த கேன்சல் பட்டனை நீங்கள் தொடக் கூடாது. ஆப்பில் அழுத்தினாலும் சரி, போனில் 'சரி, கேன்சல் பண்ணிடுங்க' என்று சொன்னாலும் சரி, அவர்கள் கணக்கில் 'வாடிக்கையாளர் ரத்து செய்தார்' என்றுதான் ஏறும். அந்த ஒரு வரி ஏறியதும் ரத்துக் கட்டண விதி உயிர் பெற்றுவிடும். சேவை தர மறுத்தது யார் என்ற கேள்வியே பின்னால் போய்விடும். தர முடியாது என்றால் அவர்களே ரத்து செய்யட்டும், காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். இந்த மாதிரிப் புகாரோடு வருகிறவர்களில் நிறையப் பேர் பட்டனை அழுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் வழக்கு செத்துவிடாது. ஆனால் நேராக இருந்த வழி சுற்றுவழி ஆகிவிடும்.

கூடவே இன்னொன்று. வந்த போன் உண்மையிலேயே அந்த நிறுவனத்தில் இருந்து வந்ததுதானா? பதிவு விவரத்தை எப்படியோ தெரிந்துகொண்டு 'மீதிப் பணம்' கேட்கிற மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். போனில் வந்த லிங்க்கிலோ க்யூஆர் கோடிலோ ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள், ஓடிபி எதையும் சொல்லாதீர்கள். ஆப்பில் இருக்கும் உதவிப் பக்கத்தின் வழியாகவோ, பதிவு மெயில் வந்த அதே முகவரிக்கோ எழுதிக் கேளுங்கள். உண்மையான கோரிக்கைதான் என்றால் எழுத்தில் பதில் வரும். அந்தப் பதில் உங்களுக்கு எப்படியும் தேவைப்படும்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவர்கள் ஒரு விலையைக் காட்டினார்கள், நீங்கள் ஒப்புக்கொண்டு பணம் கட்டினீர்கள், அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு உறுதி செய்து வவுச்சர் அனுப்பினார்கள். அந்த நிமிடத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தின் விலை ₹62,400, ₹96,000 அல்ல. தள்ளுபடி என்பது அவர்கள் பிற்பாடு நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய சலுகை என்ற தோரணையில் போனில் பேசுவார்கள். உறுதி வந்த பிறகு அது விலையோடு கலந்துவிட்ட ஒன்று. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க ஒரு தரப்புக்கு மட்டும் அதிகாரம் கிடையாது.

'எங்கள் சிஸ்டம் தவறாகத் தள்ளுபடி கொடுத்துவிட்டது' என்பது அடுத்து வரும் பதில். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு அன்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு முக்கியமான உண்மையைத் தவறாக எண்ணி ஒப்பந்தம் செய்திருந்தால் 20ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணியிருந்தால், அதை மட்டும் காரணம் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது 22ஆம் பிரிவு. விலை குறைவு என்பது மட்டுமே ஒப்பந்தத்தைச் செல்லாததாக்காது என்று 25ஆம் பிரிவின் விளக்கத்திலும் இருக்கிறது. உங்கள் பதிவில் தவறு நடந்திருந்தால் அது முழுக்க அவர்கள் மென்பொருளின் தவறு. உங்கள் நம்பரும் பழைய பதிவும் அவர்கள் கையில்தான் இருந்தன. பணம் கட்டும் பக்கத்திலேயே 'இந்தக் கூப்பன் உங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்லியிருக்க முடியும். சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

ஆஃபரின் நிபந்தனை எங்கே, எப்போது காட்டப்பட்டது என்பதில்தான் வழக்கின் கனம் இருக்கிறது. பணம் கட்டும் முன் 'முதல் பதிவுக்கு மட்டும்' என்று கண்ணில் படும்படி இருந்ததா, பத்துப் பக்க விதிமுறைக்குள் ஒளிந்திருந்ததா, பதிவுக்கு அப்புறம் சேர்க்கப்பட்டதா? தளத்தில் அந்த ஆஃபர் பக்கம் இன்னும் இருந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளை இருக்குமா என்று தெரியாது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்திருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் காட்டிய விலையைவிடக் கூடுதலாக வசூலிப்பது அதில் ஒன்று. ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கையில் திணிப்பது இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இந்த வழிகாட்டுதலைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அவர்கள் அனுப்பிய இன்வாய்ஸைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, வவுச்சர் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். மேலே பேக்கேஜ் விலை, அதற்குக் கீழே கழித்தல் குறியோடு தள்ளுபடி, அதற்குக் கீழே ஜிஎஸ்டி, கடைசியில் மொத்தம் என்று இருக்கும். ஜிஎஸ்டி எந்தத் தொகைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்வாய்ஸில் பதிவான தள்ளுபடியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு. தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள் என்றால், இதுதான் விற்பனை விலை என்று அரசாங்கத்திடமே சொல்லியாகிவிட்டது என்று பொருள். வரிக்கு ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை என்று அவர்களால் பேச முடியாது. நுகர்வோர் வழக்கை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் நூறு வாட்ஸ்அப் செய்தியைவிட இந்த ஒற்றைத் தாள் பேசும்.

நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பழைய கணக்கு இருக்கும்போதே ஆஃபருக்காகப் புது மெயில் ஐடி உருவாக்கிப் பதிவு செய்திருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும். மாணவர், ராணுவத்தினர், ஒரு குறிப்பிட்ட கம்பெனி ஊழியர் என்று பொய்யாகச் சொல்லி வாங்கிய தள்ளுபடிக்கும் இதே கதிதான். ₹9,000 ரூமுக்கு ₹90 என்று காட்டியதைப் பார்த்து, தவறு என்று தெரிந்தே பத்து ரூம் போட்டவருக்கும் ஆணையம் பரிவு காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. 35 சதவீதம் அந்த வகையில் சேராது. சீசன் அல்லாத மாதங்களில் அந்த அளவு தள்ளுபடியைத் தினமும் விளம்பரம் செய்கிறார்கள். பார்த்தவர் நம்புவது இயல்பு. நீங்கள் பழைய நம்பரையே கொடுத்துப் பதிவு செய்திருப்பதால் மறைத்தீர்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

தள்ளுபடிப் பணம் யார் பையில் இருந்து போகிறது என்பது தெரிந்தால் இந்தச் சண்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும். ஊட்டி, கொடைக்கானலில் ரூம் விற்கும் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் ஒரு விலை கொடுக்கும், தளம் அதில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். காட்டப்படும் தள்ளுபடியில் ஒரு பகுதி ஓட்டல் ஒப்புக்கொண்டதாக இருக்கும், ஒரு பகுதி தளம் தன் கமிஷனில் இருந்து விட்டுக்கொடுப்பதாக இருக்கும், சில சமயம் வங்கி தரும். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ரூமுக்கு அடிபிடி. பிப்ரவரியில் குறைந்த விலைக்குப் போன ரூமை இப்போது மூன்று மடங்குக்கு விற்கலாம் என்று தெரியும்போது 'அந்த ரேட் எங்களுக்கு வரவில்லை' என்ற குரல் கிளம்புகிறது. தளத்துக்கும் ஓட்டலுக்கும் உள்ள கணக்கு அவர்களுக்குள். அதில் நீங்கள் தரப்பே இல்லை. உங்கள் கையில் இருக்கும் உறுதிச் சீட்டுக்கு இருவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

இதன் கொடுமையான வடிவத்தை ஊட்டியில் சீசன் இரவுகளில் பார்க்கலாம். சென்னையில் இருந்து காலையில் கிளம்பிய குடும்பம், பர்லியாறு ஏற்றத்தில் நெரிசலில் சிக்கி, இரவு ஒன்பது மணிக்குக் குளிரில் கவுண்டர் முன் நிற்கும். குழந்தை தோளில் தூங்கும். 'உங்க புக்கிங் ரேட் தப்பு சார், இன்னும் நாலாயிரம் கட்டினா சாவி' என்பார் மேனேஜர். அந்த நேரத்தில் வேறு ரூம் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது, அங்கே நின்று சட்டம் பேசிக் குழந்தையைக் குளிரில் வைத்திருக்காதீர்கள். கவுண்டரில் இருந்தபடியே தளத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். மேனேஜர் கேட்கும் கூடுதல் தொகைக்குத் தனி பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் யுபிஐயில் கட்டி, குறிப்புப் பகுதியில் 'ஆட்சேபத்துடன், கூடுதல் தொகை' என்று போடுங்கள். அந்த இரவே தளத்துக்கும் ஓட்டலுக்கும் சேர்த்து ஒரு மெயில். ஆட்சேபத்தோடு கட்டிய பணத்தைப் பிற்பாடு திரும்பக் கேட்கலாம். சத்தமில்லாமல் கட்டிவிட்டால் 'விரும்பித்தானே கட்டினார்' என்பார்கள்.

இ-பாஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் இதையும் போட்டுக் குழப்புகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். பாஸ் கிடைக்காமல் வர முடியாதவர் ரூம் பணத்தை முழுதாகத் திரும்பக் கேட்டால், ஓட்டல்காரர் 'நான் ரூமைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்' என்பார். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் சொல்வார். இது சேவை மறுப்பு வழக்கு ஆகாது, ரத்து விதிமுறைப்படிதான் போகும். அதனால் சீசனில் திரும்பப் பெற முடியாத தள்ளுபடி ரூம் போடுகிறவர்கள் பாஸை முதலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்றே ஒரு மெயில் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், கோபம் வேண்டாம். விஷயம் இப்படி இருக்கட்டும்: "எங்கள் பதிவு எண் இது. இந்தத் தேதியில் நீங்கள் காட்டிய ₹62,400 விலையை ஏற்று முழுத் தொகையும் கட்டினோம், நீங்கள் உறுதி செய்தீர்கள். இந்தத் தேதியில், இந்த எண்ணில் இருந்து போனில் கூடுதலாக ₹33,600 கேட்டீர்கள். அதற்கு நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவை நாங்கள் ரத்து செய்யவும் இல்லை, ரத்து செய்யச் சொல்லவும் இல்லை. உறுதி செய்த விலையில் பயணத்தை நடத்தித் தருவீர்களா என்பதை 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாக ரத்து செய்தால் முழுத் தொகையையும், மாற்று ஏற்பாட்டுக்கு ஆகும் கூடுதல் செலவையும் உங்களிடம் கோருவோம்." இதே வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள்.

48 மணி நேரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே விதிகளில் இன்னொரு வரி உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது தானும் அதே மாதிரிக் கட்டணத்தை ஏற்காதவரை, வாடிக்கையாளரிடம் மட்டும் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. உங்களிடம் கேட்கும் 25 சதவீதம், அதாவது ₹15,600, அவர்கள் ரத்து செய்தால் உங்களுக்குக் கூடுதலாகத் தருவார்களா? அந்த ஒரு கேள்வியை மெயிலின் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.

மெயில் போன பிறகு 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம், வாட்ஸ்அப்பில் 8800001915 என்ற எண்ணிலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் நீதிமன்றம் இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். புகாரை நிறுவனத்தின் மேல்மட்டத்துக்கு நேராக அனுப்புவார்கள். கால் சென்டரில் 'பாலிசி மேடம்' என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்த நிறுவனம், அங்கிருந்து கேள்வி வந்ததும் ஒரே நாளில் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். காசு செலவில்லாத வழி, வழக்குக்கு முன் கட்டாயம் முயன்று பாருங்கள். இதே ஏமாற்று பலருக்கும் நடக்கிறது என்று தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு கொடுக்கலாம். ஒரு கூட்டமாக நுகர்வோர் பாதிக்கப்படும் புகாரை ஆட்சியர் வாங்கி விசாரிக்கவும், மத்திய ஆணையத்துக்கு அனுப்பவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதில் நிறுவனத்துக்கு அபராதம் போகும். உங்கள் பணத்துக்கு நீங்கள் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் எழுதலாம். பணம் வாங்கிய சேவை வழங்கப்படவில்லை என்று பரிவர்த்தனையை எதிர்க்கும் வசதி கார்டுக்கு உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். தள்ளுபடி வங்கி தருவதாகச் சொன்ன கேஷ்பேக் என்றால் கதை வேறு. அப்போது பதிவு விலை குறையவே இல்லை, பிற்பாடு பணம் வரும் என்ற வாக்குறுதி மட்டும்தான் இருக்கும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

அவர்கள் ரத்து செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். மாமனார் மாமியார் காசிக்குப் போவதற்காக எத்தனை நாளாகக் காத்திருந்தார்களோ, அந்தப் பயணத்தை விட்டுவிட வேண்டும் என்று இல்லை. அதே தேதிக்கு, அதே தரத்தில் வேறு ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு ₹1,05,000 ஆகிறது என்றால், கட்டிய ₹62,400ஐத் திரும்பக் கேட்பதோடு, கூடுதலாகச் செலவான ₹42,600ஐயும் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி நஷ்டமாகக் கேட்கலாம். மூன்று நட்சத்திர ஓட்டல் போட்டிருந்த இடத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு முழு வித்தியாசத்தையும் கேட்டால் கிடைக்காது. நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்றும் பார்ப்பார்கள். அதனால் அன்றைய தேதியில் இரண்டு மூன்று தளங்களில் இருந்த விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அதில் குறைந்ததைப் பதிவு செய்யுங்கள்.

சில நிறுவனங்கள் கேட்காமலே ₹46,800ஐ உங்கள் கணக்கில் போட்டுவிடும். போட்டுவிட்டு 'பிரச்சினை தீர்ந்தது' என்று புகாரை மூடும். பணம் வந்த அன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள்: 'இந்தத் தொகையை எங்களுக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியாக மட்டுமே ஏற்கிறோம், மீதிக்கான உரிமையை விடவில்லை.' முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன் என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னால் போடாதீர்கள். பணத்துக்குப் பதிலாக அவர்கள் வாலட்டில் பாயிண்ட் தருகிறோம் என்றாலும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே கேளுங்கள்.

அப்புறம் உங்கள் பெரிய கவலை. குர்கானுக்குப் போக வேண்டாம், ஊட்டிக்கு பஸ் ஏறினால் போதும். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் போட வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்கிறது 34ஆம் பிரிவு. நீலகிரிக்காரர்களுக்கு உதகமண்டலத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் போக வேண்டும். கொடுத்த தொகை ₹50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ₹5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, நீங்களே வாதாடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டில் இருந்தே மனு பதிவு செய்யலாம், காணொளி வழியாக விசாரணை கேட்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

'எங்கள் விதிமுறைப்படி வழக்கு குர்கான் நீதிமன்றத்தில்தான், அதுவும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன்தான்' என்று பதில் வரும். பயந்துவிடாதீர்கள். நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 'எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு' என்ற வரியையும் எடுத்துக் காட்டுவார்கள். காரணமில்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் விதியை நேர்மையற்ற ஒப்பந்தம் என்றே சட்டம் வகைப்படுத்துகிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேர்மையற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அதனால் ஊட்டியில் போடும் மனுவை அந்தப் பெயரில் கட்டாதீர்கள். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் மேல் நிறுத்துங்கள், அது போதும்.

மனுவில் பயண நிறுவனத்தை மட்டும் சேர்க்காமல், விமான நிறுவனம், ஓட்டல் என்று வவுச்சரில் பெயர் வரும் சேவை வழங்குநர்களையும், வங்கி ஆஃபர் என்றால் வங்கியையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது, கைகாட்டப்பட்டவரும் அங்கே நிற்க வேண்டும். வவுச்சர், இன்வாய்ஸ், வங்கி ஸ்டேட்மென்ட், மெயில்கள், போன் வந்த நேரம் தெரியும் திரை, பதிவு செய்த உரையாடல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, மின்னணு ஆவணங்களுக்காக 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடிக்காது என்றாலும், எதிர்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துத் தொங்க வழி விடக் கூடாது.

விமான டிக்கெட்டில் ஒரு சின்ன விஷயம். 'நான் ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தாலும், பயணம் நடக்காதபோது விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்ற வரி வகைகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. வேறு எதுவும் கிடைக்காத சூழ்நிலையிலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தளம் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி போட்டு உங்கள் தலையில் கட்டுகிறது என்ற வருத்தம் நியாயமானதுதான். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நான்கு அறை வைத்திருப்பவர்கள் இதில் நொந்து போயிருக்கிறார்கள். அதற்காக வாசலில் வந்து நிற்கும் விருந்தினரிடம் அந்தப் பணத்தை வசூலிக்கப் பார்த்தால் வழக்கு உங்கள் மேல் வரும். விருந்தினருக்கு அறையைக் கொடுத்துவிட்டுத் தளத்தோடு எழுத்தில் மோதுங்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் நடத்துகிறவர், தளம் தரும் சேவையைக் காசு கொடுத்து வாங்கும் நுகர்வோர் என்ற வகையில் ஆணையத்துக்கே போக வாதம் இருக்கிறது. பெரிய அளவில் தொழில் செய்கிறவருக்கு அந்தக் கதவு திறக்காது, சிவில் நீதிமன்றம்தான்.

மனு போட்ட பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏற்பதா இல்லையா என்பதைச் சாதாரணமாக 21 நாளில் முடிவு செய்ய வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததும் நிறுவனத்துக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அந்த 45 நாளைத் தாண்டி ஆணையத்தால் கூட அவகாசம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020ல் சொல்லிவிட்டது. இடைக்கால உத்தரவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டிய நீங்கள் அதை நம்பி உட்கார வேண்டாம். இரு தரப்பும் ஒப்பினால் சமரசத்துக்கு அனுப்புவார்கள். முழுத் தொகையும் வித்தியாசமும் தருவதாக இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். நீங்கள் கேட்க வேண்டியவை கட்டிய தொகை வட்டியோடு, மாற்று ஏற்பாட்டின் கூடுதல் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று போட்டு மனுவின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆணை உங்கள் பக்கம் வந்து நிறுவனம் மேல்முறையீடு போக நினைத்தால், 45 நாளுக்குள் போக வேண்டும், ஆணையிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அதனால் சின்னத் தொகைகளுக்குப் பெரும்பாலும் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கட்டாமல் இழுத்தால் அதே ஊட்டி ஆணையத்தில் 71ஆம் பிரிவின்படி வசூலுக்கும், 72ஆம் பிரிவின்படி தண்டனைக்கும் மனுப் போடலாம். ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ₹25,000க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆணையின் சான்றிட்ட நகலைக் கையில் வாங்கிய அன்றே, பணம் செலுத்த வேண்டிய கடைசித் தேதியைக் குறித்து நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதி தாண்டிய மறுநாள் வசூல் மனுவைப் போடலாம்.